கருணையோடு கைவிடும் பட்டியல்

பம்பாயில் செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே நின்று 'தவளை ஆபீஸ்' என்று சொன்னால் எந்த ரிக்‌ஷாக்காரனும் கொண்டுபோய் இறக்கிவிடுவான். 'வெப்பமண்டல வன இருவாழ்விகளின் பருவநிலை எதிர்காலத் திட்ட மையம்' என்று முழுப்பெயரைச் சொன்னீர்களோ, சொல்லி முடிப்பதற்குள் அவன் வேறு சவாரியை ஏற்றிக்கொண்டு போயிருப்பான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. பத்தொன்பது வருஷமாக அங்கே வேலை பார்க்கும் வெயிலுமுத்துவுக்கே அந்தப் பெயர் ஒரே மூச்சில் வராது.

காடு சூடாகிக்கொண்டே போகிறதே, 2050-இல் எந்தத் தவளை பிழைக்கும், எது பிழைக்காது என்று கண்டுபிடித்துத் திட்டம் போடுவதுதான் மையத்தின் வேலை. நாற்பது பேர் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். அவர்களில் காட்டுக்குள் கால் வைத்தவர்களை எண்ண ஒரு கை விரல் போதும், அதிலும் மிச்சம் இருக்கும். காட்டில் அட்டை கடிக்கும். சிக்னல் வேறு கிடைக்காது. வரைபடத்தில் பார்த்தால் இந்த இரண்டு தொந்தரவும் இல்லை பாருங்கள்.

வெயிலுமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் வீடு. பத்தொன்பது வருஷமும் டெம்பரவரி. டீ வாங்குவது, கதவு திறப்பது போக, அவருக்கென்றே இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, குற்ற நிமிடம்.

மீட்டிங் எதுவானாலும் முதலில் குற்ற நிமிடம். பூமியைச் சூடாக்கிய மனித குலத்தின் பாவத்துக்காக எல்லோரும் எழுந்து நின்று, கண்ணை மூடி, அறுபது விநாடி குற்றவுணர்வு கொள்ள வேண்டும். விளக்கை அணைத்து ஸ்டாப்வாட்சை அழுத்துவது வெயிலுமுத்து. மறுபடி விளக்கு எரியும்வரை யாரும் கண் திறக்கக் கூடாது, பேசக் கூடாது, கை தட்டக் கூடாது என்று சுற்றறிக்கையே உண்டு. ஏ.சி.யை மட்டும் அணைக்க மாட்டார்கள். வியர்த்துக் கொட்டினால் குற்றவுணர்வில் மனம் ஒன்றாது என்று டைரக்டர் ராமசேஷன் ஒருமுறை விளக்கியிருக்கிறார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பம் அவருடையது. படித்தவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வேலை, தவளைகள்.

முதல் மாடிப் பின்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் பன்னிரண்டு தவளைகள். கட்டைவிரல் அளவுதான் ஒவ்வொன்றும், நனைந்த புளியின் நிறம். திருநெல்வேலிப் பக்கத்து மலையில் கருங்கால் ஓடை என்று ஒன்று, அந்த ஒரே ஓடையில்தான் இந்த இனம் இருக்கிறதாம். பரீஹா என்ற இளம் விஞ்ஞானி தானே போய், அட்டைக்கடி பட்டுப் பிடித்து வந்தவை. மான்குர்த்தில் வளர்ந்த பெண். வீட்டுத் தமிழ் வாயில் நன்றாக வரும், எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் வராது. வெயிலுமுத்துவை அவள் 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள்.

பரிசோதனை இதுதான். தொட்டியின் வெப்பத்தைப் பதினைந்து நாளுக்கு அரை டிகிரி வீதம் கூட்டிக்கொண்டே போவது. இருபத்தாறு டிகிரியைத் தாங்கிவிட்டால் இந்த இனம் எதிர்காலத்தில் பிழைக்கும், ஓடை 'காக்கப்படுபவை' பட்டியலில் சேரும். தாங்காமல் செத்தால் ஓடை இரண்டாம் பட்டியலுக்குப் போகும். அந்தப் பட்டியலின் பெயர் 'கருணையோடு கைவிடப்படுபவை'. பெயர் வைக்கவே மூன்று மீட்டிங் ஆயிற்று. 'கைவிடப்படுபவை' என்று மட்டும் போட்டால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று பலரும் கருத்துத் தெரிவித்தார்கள். ஓடையைக் கைவிட்டால் வாங்கிக்கொண்டு உல்லாச விடுதி கட்ட ஒரு கூட்டம் ஏற்கெனவே காத்திருந்தது. அவர்களும் கருணை உள்ளவர்கள்தான், விடுதி வாசலில் சிமெண்டுத் தவளை ஒன்று வைப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

தவளைகளுக்குத் தண்ணீர் மாற்றுவது வெயிலுமுத்துவின் பொறுப்பு. குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து, இரண்டு நாள் திறந்து வைத்து, அப்புறம்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். "ரெண்டு நாள் வெச்சாத்தான் மாமா அதுல இருக்குற மருந்து போகும். இதுங்க தோலாலதான் தண்ணி குடிக்கும்" என்று பரீஹா முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தாள். தலையாட்டினார். தினமும் நோட்டில் தேதி, சூடு, தண்ணீர் விவரம் எல்லாம் தமிழில் எழுதி வைத்தார். பரீஹா அதில் எண்களை மட்டும் எடுத்துக்கொள்வாள். யாரும் இல்லாத நேரத்தில் அவர் தவளைகளோடு பேசுவதும் உண்டு. "என்னலே, எல்லாவனும் நெல்லைக்காரப் பயலுவதானே, ஒரு சத்தம் குடுங்களேன்" என்பார். அவை சத்தம் கொடுத்ததில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தப் பன்னிரண்டும் கடைசிவரை வாயே திறக்கவில்லை, பாவம்.

ஜூலை வந்தது, மழை வந்தது, வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை: 'கட்டடத்தில் தேங்கியுள்ள எல்லா நீரும் உடனடியாகக் கொசுவற்றதாக ஆக்கப்பட வேண்டும். தவறினால் சம்பந்தப்பட்டவரே பொறுப்பு.'

வெயிலுமுத்து டிரம்மை எட்டிப் பார்த்தார். ஓரத்தில் நாலைந்து புழு நெளிந்தது. தாராவியில் மழைக்காலம் கழித்த எவருக்கும் இதற்கு வைத்தியம் தெரியும். மாநகராட்சியின் சுகாதார ஊழியை, ஆரோக்கிய சேவிகா, வீடு வீடாக வந்து சின்ன பாட்டிலில் குளோரின் மருந்து கொடுத்துவிட்டுப் போவாள். பிடித்து வைத்த தண்ணீரில் அதை விடாமல் அவர் மனைவி பிரேமலதா பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் கொடுத்ததில்லை. இரண்டு பிள்ளைகளும் ஒரு காய்ச்சல் வாந்தி இல்லாமல் வளர்ந்து ஆளானதே அந்த மருந்தால்தான் என்பது வீட்டு நம்பிக்கை. பெற்ற பிள்ளைக்குச் செய்வதைத் தவளைக்குச் செய்தால் என்ன? மறுநாள் வீட்டிலிருந்து பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். டிரம்மில் ஒரு மூடி விட்டார். புழு செத்தது. அந்தத் தண்ணீரை எடுத்துத் தொட்டியில் ஊற்றினார். நோட்டில் எழுதினார்: 'ஜூலை 9. சூடு 25½. தண்ணீர் மாற்றினேன். கொசுவுக்காக ஒரு மூடி குளோரின் மருந்து விட்டேன்.'

ஊற்றும்போது பரீஹா சொன்னது நினைவுக்கு வரவில்லையா என்று கேட்டால், வந்தது. அதுதான் கொடுமை. ஏதோ மருந்து என்று சொன்னாளே என்று கை ஒரு கணம் நின்றது. விருந்தினர் வரும் நேரத்தில் இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது என்று ஊற்றிவிட்டார்.

மறுநாள் காலை பன்னிரண்டும் வயிற்றைக் காட்டி மிதந்தன. வெயிலுமுத்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து நேராக டைரக்டர் அறைக்குப் போனார்.

"சார், நாந்தான் கொன்னுட்டேன். கொசு மருந்த நாந்தான் ஊத்துனேன்."

டைரக்டர் ராமசேஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மரணப் படிவத்தை எடுத்தார். "காரணத்துக்கு நாலே நாலு கட்டம்தான் இருக்கு வெயிலுமுத்து. பருவநிலை, நோய், வாழிட இழப்பு, இயற்கை முதுமை. கொசு மருந்துன்னு கட்டம் இல்லையே."

"கீழ எழுதிக்கிடலாமே சார்."

"கீழே எழுதினா கம்ப்யூட்டர் எடுத்துக்காதுப்பா. தொட்டியில சூடு என்ன?"

"இருபத்தஞ்சரை."

"ஆச்சு. இருபத்தஞ்சரையில போயிடுத்து." பருவநிலைக் கட்டத்தில் அழகாக ஒரு டிக் போட்டார்.

"சூட்டுல சாகல சார். முந்தா நாளு வரைக்கும் குதிச்சிட்டுல்லா கெடந்துச்சு!"

"பாரு, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. எண்ணூறு கோடி ஜனங்க சேர்ந்து பண்ணின பாவம் இது. அதை நீ ஒருத்தனே பண்ணினதா நெனச்சுக்கறது ஒரு வித அகம்பாவம். நானும்தான் குற்றவாளி. நான் வருஷத்துக்குப் பதினெட்டு தடவை ஃப்ளைட்ல போறேன், எதுக்கு? ஃப்ளைட்ல போகக் கூடாதுன்னு சொல்றதுக்கு. எனக்கு எவ்வளவு வேதனையா இருக்கும்! நான் எங்கேயாவது போய் அழறேனா?"

"அப்ப ஓடை சார்?"

"ரெண்டாம் பட்டியல். கருணையோட." டைரக்டர் குரலைத் தாழ்த்தினார். "திட்டம் ஏழு வருஷமா இழுத்துண்டிருக்கு. பன்னிரண்டும் ஒரே நாள்ல போனதுல ரிசல்ட் எவ்வளவு சுத்தமா வந்திருக்கு தெரியுமா? அந்தக் குழந்தை பரீஹாகிட்ட எதையாவது சொல்லிக் குழப்பாதே."

பரீஹா தொட்டி முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். "மாமா, தண்ணி வழக்கமான தண்ணிதானே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, வழக்கம்போலத்தான்" என்றார் வெயிலுமுத்து. சொன்ன வாய் அழுகாதா என்று அன்றைக்கு முழுக்க அவருக்கு இருந்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருடையது குடைந்து எடுத்தது. வீட்டில் பிரேமலதாவிடம் சொன்னார். அவள் குளோரின் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது நான் பழக்குன பழக்கம்லா. பாதிப் பாவம் எனக்கு. மீதிய நீங்க போயி அந்தப் பிள்ளைட்ட சொல்லிருங்க" என்றாள்.

அவர் பிள்ளையிடம் சொல்லவில்லை. அதற்குத் தைரியம் வராமல் மறுபடியும் மேலிடத்துக்கே போனார். பியூன் ஒருவன் தினமும் வந்து குற்றம் செய்தேன் என்கிறான் என்றால் ஆபீஸ் சும்மா இருக்குமா? மையத்தில் குற்றவுணர்வு ஆலோசகர் என்று ஒரு பதவியே உண்டு. அதில் இருந்த வந்தனா மேடம் அவரை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து, ஹிந்தியில் முக்கால் மணி நேரம் பேசினார். உங்கள் குற்றவுணர்வு மிக ஆரோக்கியமானது, ஆனால் அளவில் சிறியதாக இருக்கிறது, அதைப் பெரிதாக்கினால் பாரம் தெரியாது என்றார். 'என் குற்றம் சிறிது, நம் குற்றம் பெரிது' என்று எழுதிய அட்டையைக் கொடுத்துத் தினமும் காலையில் பதினொரு தடவை சொல்லச் சொன்னார். வெயிலுமுத்து சொல்லிப் பார்த்தார். ஹார்பர் லைன் ரயிலில் பக்கத்தில் நின்றவன் தள்ளி நின்றுகொண்டான், பாரம் அப்படியேதான் இருந்தது.

ஆலோசகரின் அறிக்கை மேலே போயிற்று. 'அடித்தட்டிலிருந்து ஒரு குரல்' என்று விருந்தினர் கூட்டத்தில் அவரைப் பேசச் சொன்னார்கள். நாற்பது பேர் முன்னால், வெளிநாட்டார் ஆறு பேர் முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு வெயிலுமுத்து நின்றார். "நாந்தான் கொன்னேன்" என்றார். அதற்கு மேல் சொல்ல வாய் திறப்பதற்குள் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மொழிபெயர்த்தார்கள், மறுபடி தட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டு, "நானும்தான் கொன்றேன்" என்று ஆங்கிலத்தில் தேம்பினார். பரீஹாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாம எல்லாரும்தான் மாமா" என்றாள்.

அடுத்த வாரமே அது மையத்தின் ஆண்டு முழக்கம் ஆகிவிட்டது. 'நான்தான் கொன்றேன்' என்று மூன்று மொழியில் பேனர். அதே வாசகம் போட்ட பனியன், எல்லா அளவிலும். தாராவியில்தான் அடித்து வாங்கினார்கள். மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் வெயிலுமுத்து அந்தப் பட்டறையைக் கடக்க வேண்டியிருந்தது. நானூறு பனியன் வரிசையாகத் தொங்கி அவரைப் பார்த்துச் சொல்லின, நான்தான் கொன்றேன் என்று.

"உன் பர்மனென்ட் ஆர்டர் டைப் ஆயிண்டிருக்கு" என்றார் டைரக்டர். "திட்டத்துல கையெழுத்தாகற அன்னிக்கே உன் கையில குடுக்கறேன்."

பத்தொன்பது வருஷம். அதற்கப்புறம் வெயிலுமுத்து யாரிடமும் போய் நிற்கவில்லை. ஆர்டர் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. கையெழுத்தான பிறகு சொன்னால் ஓடைக்கு என்ன பிரயோஜனம் என்பதும் அதே மனசுக்குத் தெரிந்துதான் இருந்தது.

திட்டத்தின் வரைவு அச்சாயிற்று. நானூற்றுச் சொச்சம் பக்கம். வழக்கப்படி அதன் பின்னிணைப்பில் பரிசோதனை ஆவணங்கள் எல்லாம் போட வேண்டும் என்பதால், வெயிலுமுத்துவின் தண்ணீர் நோட்டும் அப்படியே படம் பிடித்துச் சேர்க்கப்பட்டது. அதை யாரும் படிக்கவில்லை. பின்னிணைப்பு என்பது படிப்பதற்கா? கனத்துக்கு. கருத்துக் கேட்டு எல்லா இடத்துக்கும் பிரதி போயிற்று. எங்கிருந்தும் கருத்து வரவில்லை. கடைசித் தேதிக்கு மறுநாள் காலையில் ஆபீஸ் போன் அடித்தது. வெயிலுமுத்துதான் எடுத்தார்.

"பம்பாய் தவளை ஆபீஸா? நான் பேச்சிராஜா பேசுதேன், கருங்கால் ஓடையில பாரஸ்ட் வாட்சரு. பொஸ்தகம் வந்துச்சு. எல்லாம் இங்கிலீசு, ஒரு எழவும் புரியல. கடைசியில நாலு பக்கம் தமிழ்ல இருந்துச்சு, அத மட்டும் படிச்சேன். வெயிலுமுத்துங்கிறது யாருய்யா?"

"நாந்தான்."

"ஒரு மூடி குளோரின விட்டுக் கொன்னுபுட்டு, ஓடை சூடாயிருச்சுன்னு எழுதியிருக்காம்லா உங்க ஆபீசுல? ரேஞ்சரு சொல்லுதாரு. ஓடைக்கு என்னவே வந்துச்சு? நேத்து சாயங்காலம் மழையில காது கிழியக் கத்துதுவ. இரும், போன்ல பிடிச்சு வச்சிருக்கேன், அனுப்புதேன். கேட்டுட்டு உமக்கு மனசாட்சி இருந்தா சொல்லும்."

வாட்ஸ்அப்பில் வந்ததை வெயிலுமுத்து பின்னறையில், காலித் தொட்டி முன்னால் நின்று கேட்டார். டிக் டிக்கென்று, நூறு பேர் ஒரே நேரத்தில் நாக்கைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம். ஏழு மாசம் கெஞ்சியும் அந்தப் பன்னிரண்டும் அவருக்குக் கொடுக்காத சத்தம். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார்.

போனை எடுத்துக்கொண்டு டைரக்டரிடம் ஓடினார். டைரக்டர் ஐந்து விநாடி கேட்டார். "கருத்துன்னா ஆன்லைன் படிவத்துல, இங்கிலீஷ்ல, ஐநூறு எழுத்துக்குள்ள வரணும். நேத்து அஞ்சு மணியோட முடிஞ்சுது. அடுத்த திருத்தம் 2031-ல. அப்போ ஞாபகப்படுத்து."

மறுநாள் கையெழுத்து விழா. நீண்ட மேஜை, பதினோரு பேனா, பதினோரு பெயர்ப்பலகை. சட்டைக்கு மேலே எல்லோரும் அந்தப் பனியனைப் போட்டிருந்தார்கள். டைரக்டர் பையில் வெயிலுமுத்துவின் பர்மனென்ட் ஆர்டர் கவரோடு எட்டிப் பார்த்தது. பரிசோதனை செய்தவள் என்ற முறையில் கடைசிப் பெயர்ப்பலகை பரீஹாவுடையது. அவள் கையெழுத்தும் விழுந்தால்தான் பட்டியல் செல்லும்.

"குற்ற நிமிடம்" என்றார் டைரக்டர். எல்லோரும் எழுந்து கண்ணை மூடினார்கள். வெயிலுமுத்து விளக்கை அணைத்து ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

அறுபது விநாடி ஆயிற்று. அவர் கை சுவிட்சுக்குப் போகவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்த மைக்குக்குப் போயிற்று. போனை அதன் வாயில் வைத்து அழுத்தினார். இருட்டு ஹால் முழுக்க கருங்கால் ஓடை கத்தியது.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. விளக்கு எரியவில்லையே, எப்படித் திறப்பது? யாரோ இருமினார்கள். "வெயிலுமுத்து..." என்று டைரக்டர் மெல்ல ஆரம்பித்தார், பேசக் கூடாது என்ற சுற்றறிக்கையில் தன் கையெழுத்தே இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

வெயிலுமுத்து கையோடு கொண்டுவந்திருந்த தண்ணீர் நோட்டைப் போனின் வெளிச்சத்தில் திறந்தார்.

"ஜூலை ஒம்பது. சூடு இருபத்தஞ்சரை. தண்ணி மாத்தினேன். கொசுவுக்காக ஒரு மூடி குளோரின் மருந்து விட்டேன்" என்று படித்தார். "பரீஹாம்மா, வழக்கமான தண்ணின்னு ஒங்கிட்ட பொய் சொன்னேன். நீ சொல்லிக்குடுத்தது ஊத்தும்போது நெனப்பு வந்துச்சு. வந்தும் ஊத்தினேன். பன்னெண்டையும் நான் கொன்னேன். நாம இல்ல, நான். இப்பக் கத்துதே, அது முந்தாநேத்து சாயங்காலம் அந்த ஓடையில பிடிச்சது. அதுங்க உசுரோட இருக்கு. கையெழுத்துப் போட்டுறாதம்மா."

கை தட்ட யாருக்கும் அனுமதி இல்லை. அதனால்தான் எல்லோர் காதிலும் விழுந்தது.

விளக்கைப் போட்டார். வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் பத்துப் பேர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பதினோராவது நாற்காலியில் பரீஹா பேனாவின் மூடியைத் திருப்பி மாட்டி மேஜைமேல் வைத்தாள். "ஸாரி சார், டெஸ்ட் தப்பு. நான் போட மாட்டேன்" என்றாள்.

ஒரு கையெழுத்துக் குறைந்ததால் பட்டியல் செல்லவில்லை. தள்ளுபடி செய்யவும் பதினோரு கையெழுத்து வேண்டும் என்பதால் அது ரத்தாகவும் இல்லை. கருங்கால் ஓடை காக்கப்படுபவற்றிலும் சேராமல், கைவிடப்படுபவற்றிலும் சேராமல் 'நிலுவை' என்ற தலைப்பில் போய் உட்கார்ந்தது. நிலுவையில் இருக்கும் இடத்தில் விடுதிக்காரன் ஒரு செங்கல் வைக்க முடியாது. புலிக்கு வேலி போட்டோம், யானைக்கு அகழி வெட்டினோம். இந்த நாட்டில் நிலுவையைப்போல் ஒரு காவல் எந்த ஜீவனுக்கும் இன்னும் கிடைத்ததில்லை.

பத்தாம் நாள் வெயிலுமுத்துவை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் குற்றப்பத்திரிகையைக் கொடுத்தார்கள். வேலை போய்விட்டது என்பது தெரிந்ததுதான். பரீஹாதான் உட்கார்ந்து அதை அவருக்குத் தமிழில் சொன்னாள். குற்றம் ஒன்று, விளக்கைப் போடுவதில் மூன்று நிமிடம் பன்னிரண்டு விநாடி தாமதம். குற்றம் இரண்டு, அனுமதியின்றி மைக்கைப் பயன்படுத்தியது. குற்றம் மூன்று, அலுவலக ஆவணத்தை அங்கீகாரமற்ற மொழியில் உரக்கப் படித்தது.

"அப்புறம்?" என்றார்.

"அவ்வளவுதான் மாமா."

"நல்லாப் பாரும்மா."

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த இரண்டு பக்கத்தில் எங்கேயும் தவளை என்று ஒரு சொல் இல்லை.

வெயிலுமுத்து அவளிடம் பேனாவை வாங்கினார். 'குற்றங்களை ஒப்புக்கொள்கிறேன்' என்று இருந்த இடத்துக்கு மேலே, மூன்றாவது குற்றத்துக்குக் கீழே, தண்ணீர் நோட்டில் எழுதும் அதே கையெழுத்தில், '4. பன்னிரண்டு தவளைகள்' என்று எழுதினார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.